மாதச் சம்பளம், வருஷச் செலவு

ஷார்ஜாவில் வீடு தேடி வருபவர் “மாத வாடகை எவ்வளவு?” என்று கேட்டால், ஆள் புதுசு என்று வாட்ச்மேனுக்கே தெரிந்துவிடும். இங்கே வாடகை வருஷக் கணக்கு. “முப்பத்தெட்டாயிரம், நாலு செக்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஒரு வருஷத்து வாடகையை நாலாகப் பிரித்து, நாலு தேதி போட்டு, நாலு செக்கையும் சாவி கைக்கு வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முதல் செக் அன்றைக்கே பணமாகிவிடும். மற்ற மூன்றும் ரியல் எஸ்டேட் அலுவலகத்துக் கோப்பில் தங்கள் தேதிக்காகக் காத்திருக்கும்.

மொத்தத்தையும் ஒரே செக்காகக் கொடுத்தால் வாடகையில் கொஞ்சம் தள்ளுவார்கள். ஆறு செக், பன்னிரண்டு செக் என்று நீட்டினால் ஏற்றுவார்கள். ஆக, கையில் பணம் இருப்பவருக்கு வீடு மலிவு. இல்லாதவருக்கு அதே வீடு விலை கூடுதல். வளைகுடாவில் குடும்பம் நடத்தும் செலவைப் பற்றி யார் கேட்டாலும் நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். சம்பளம் மாதா மாதம் வருகிறது. பெரிய செலவுகள் எதுவும் மாதா மாதம் வருவதில்லை. வாடகை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பள்ளிக் கட்டணம் டெர்முக்கு ஒரு முறை, கார் இன்ஷூரன்ஸ் வருஷத்துக்கு ஒரு முறை, விசா இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஊருக்கு டிக்கெட் கோடை விடுமுறையில் என்று எல்லாம் கட்டியாக வந்து விழும். இந்த ஊரில் தடுமாறுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சம்பளம் குறைவு என்பதல்ல காரணம். ஒரே மாதத்தில் மூன்று கட்டிகள் சேர்ந்து விழுந்திருக்கும்.

செக் திரும்பினால் என்ன ஆகும் என்று ஊரில் இருப்பவர்கள் சாதாரணமாகக் கேட்பார்கள். 2022-க்கு முன்பு ஐக்கிய அரபு அமீரகத்தில் கணக்கில் பணமில்லாமல் செக் திரும்புவது குற்ற வழக்கு. போலீஸ், ஜெயில் வரைக்கும் போன கதைகள் ஒவ்வொரு கட்டடத்திலும் உண்டு. 2022 ஜனவரியில் சட்டம் மாறியது. இப்போது அது பெரும்பாலும் கடன் வசூல் விஷயம்தான். ஆனால் செக்கை வைத்தே நேராக நீதிமன்றத்தின் வசூல் பிரிவுக்குப் போகலாம், பயணத் தடையும் வரலாம். அதனால் பயம் போகவில்லை, அதன் வடிவம்தான் மாறியிருக்கிறது. செக் தேதிக்கு முந்தைய நாள் இரவு வங்கி ஆப்பைத் திறந்து பார்க்காமல் தூங்கும் தமிழ்க் குடும்பம் இங்கே இருக்கிறதா என்பது சந்தேகம்.

நான் துபாய் தேராவில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு அல் கூஸில் வேலை. இரண்டு பெண்கள். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். குடியிருப்பது ஷார்ஜா அல் நஹ்தா. துபாயிலும் ஓர் அல் நஹ்தா இருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டே இருப்பவை. எங்கள் பால்கனியில் துணி காயப்போடும்போது எதிரே தெரிகிற கட்டடங்கள் துபாய். நடந்து போய்விடும் தூரம். அந்தப் பக்கம் இதே அளவு வீட்டுக்கு வாடகை எங்களுடையதைவிட எக்கச்சக்கமாகக் கூடுதல். அந்த வித்தியாசத்துக்காகத்தான் லட்சக்கணக்கானவர்கள் ஷார்ஜாவில் தூங்கி துபாயில் வேலை பார்க்கிறார்கள்.

வித்தியாசம் முழுவதும் மிச்சமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு பங்கைச் சாலை எடுத்துக்கொள்ளும். துபாயில் சுங்கச் சாவடி என்று நின்று பணம் கட்டும் இடம் இல்லை. சாலைக்கு மேலே வளைவு மாதிரி ஒரு கேட், பெயர் சாலிக். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பட்டையைப் படித்துப் பணத்தைக் கழித்துக்கொள்ளும். 2007-இல் ஆரம்பித்தபோது இரண்டே கேட். இன்று பத்து. முன்பு பெரும்பாலான கேட்களில் எந்நேரமும் 4 திர்ஹம். 2025 ஜனவரி கடைசியிலிருந்து வேலை நாட்களில் காலை 6 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் 6 திர்ஹம். இரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை இலவசம், அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு. கணவர் போகும்போது இரண்டு கேட், வரும்போது இரண்டு கேட். நாளைக்கு 24, மாதத்துக்கு 22 நாள் என்று வைத்தால் 528 திர்ஹம். பெட்ரோல் தனி. பெட்ரோல் விலையும் 2015 ஆகஸ்டிலிருந்து மாதா மாதம் மாறுகிறது. மாதக் கடைசியில் அடுத்த மாத விலையை அறிவிப்பார்கள், அன்று இரவு பெட்ரோல் பங்க்குகளில் நிற்கும் வரிசையைப் பார்த்தே ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடலாம்.

மெட்ரோ ஷார்ஜாவுக்கு வருவதில்லை. நான் காலையில் பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்டு, கணவர் காரிலேயே போய் ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்கிக்கொள்வேன். அங்கிருந்து மெட்ரோ. ‘நோல்’ என்ற பயணக் கார்டில் ஒரு மண்டலத்துக்குள் 3 திர்ஹம், இரண்டு மண்டலம் என்றால் 5, அதற்கு மேல் ஏழரை. எல்லா மண்டலத்துக்கும் முப்பது நாள் பாஸ் 350. சுத்தமான, குளிரூட்டிய, நேரத்துக்கு வரும் வண்டி. இந்த ஊரில் கொடுத்த காசுக்கு மனசார நியாயம் என்று நான் சொல்லும் சில செலவுகளில் இது ஒன்று.

மின்சார பில் துபாயில் ‘தேவா’, ஷார்ஜாவில் ‘சேவா’. துபாயில் ஃப்ளாட்டுக்கு இணைப்பு வாங்கவே 2,000 திர்ஹம் டெபாசிட் கட்ட வேண்டும். அதோடு வருஷ வாடகையில் 5 சதவீதத்தை வீட்டுக் கட்டணம் என்று பன்னிரண்டாகப் பிரித்து மாத பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். புதிதாக வந்தவர்கள் “இவ்வளவு கரண்டா எரித்தோம்?” என்று பில்லைப் பார்த்து விழிப்பது இதனால்தான். ஷார்ஜாவில் அந்த ஐந்து சதவீதம் பில்லில் வராது. ஆனால் ஒப்பந்தத்தை நகராட்சியில் பதிவு செய்யும்போது வாடகையில் ஒரு பங்கைக் கறந்துவிடுவார்கள். வருமான வரி இல்லாத ஊர் என்பது உண்மை. கட்டணம் இல்லாத ஊர் என்று யாரும் சொல்லவில்லை.

மே முதல் அக்டோபர் வரை ஏசியை அணைப்பது என்ற பேச்சே கிடையாது. குளிர்காலத்தில் முந்நூறு சொச்சம் வரும் பில், ஆகஸ்டில் எங்களுக்கு இரட்டிப்பாகும். தண்ணீரும் சுடும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரில் ஜூலையில் கை வைக்க முடியாது. அதனால் கோடையில் எல்லா வீட்டிலும் ஒரு வேடிக்கை நடக்கும். கீஸரை அணைத்துவிடுவோம். குளியலறைக்குள் நிழலில் இருக்கும் கீஸரில் தேங்கிய தண்ணீர் அறைச் சூட்டுக்கு ஆறியிருக்கும். சுடுநீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர். ஊரிலிருந்து முதல்முறை வந்த என் மாமியாருக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது. அதற்கு அப்புறம் அவர்தான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

சமையலறைக்கு வருவோம். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு பெண்ணும் முதல் ஆறு மாதம் கடையில் நின்று பெருக்குவாள். முருங்கைக்காய் கிலோ 12 திர்ஹம். இருபத்து மூன்றால் பெருக்கினால் 276 ரூபாய். “கொல்லையில வீணாப் போவுதே!” என்று திரும்ப வைத்துவிட்டு வருவாள். பெருக்கிக்கொண்டே இருந்தால் எதையும் வாங்க முடியாது. பெருக்குவதை அடியோடு விட்டுவிட்டால் கையில் எதுவும் நிற்காது. சம்பாதிக்கும் காசில்தான் செலவைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. 12 திர்ஹம் என்பது மாத உணவுச் செலவில் எத்தனையில் ஒரு பங்கு என்று பார்த்தால் போதும்.

விமானத்தில் வரும் காய்க்கு விமானக் கட்டணமும் சேர்ந்துதான் விலை. வாழைப்பூ, சுண்டைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் அப்படி. ஓமனிலிருந்து லாரியில் வரும் காய் மலிவு. உள்ளூர்க் கீரை மலிவு. குபூஸ் ரொட்டி மலிவு, பேரீச்சை மலிவு. பிரேசிலிலிருந்து உறைந்து வரும் கோழி, இங்கேயே வளர்த்த கோழியைவிட மலிவு. இதையெல்லாம் பழகிக்கொண்டவர்கள் நாலு பேருக்கு மாதம் இரண்டாயிரம் திர்ஹத்துக்குள் நன்றாகவே சாப்பிடலாம். தினம் மூன்று வேளையும் தஞ்சாவூர்ச் சமையல்தான் வேண்டும் என்றால் முடியாது.

ஊர் அரிசியை மட்டும் விட முடிவதில்லை. அதன் விலையோ டெல்லியில் எழுதும் உத்தரவில் இருக்கிறது. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. அமீரகமும் தன் பங்குக்கு இந்திய அரிசியை இங்கிருந்து வெளிநாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்யக் கூடாது என்று நாலு மாதத் தடை போட்டது. ஷார்ஜாவில் பொன்னி மூட்டை விலை எகிறியதைவிட, தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஆளுக்கு மூன்று மூட்டை தூக்கிக்கொண்டு போனதுதான் எனக்கு ஞாபகம். அந்த டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கும் தடை வந்தது. மறு மே மாதம்தான் நீங்கியது. பச்சரிசித் தடை 2024 செப்டம்பர் கடைசியில் விலகியது. ஊரில் விலை ஏறாமல் இருக்க அவர்கள் கதவைச் சாத்தியது நியாயம்தான். இரண்டு பக்கமும் வீடு வைத்திருப்பவர்களுக்கு, அங்கே அம்மா வாங்கும் வெங்காயம் மலிவாக இருப்பதற்கான விலையை இங்கே மகள் கொடுக்கிறாள் என்று ஒரு கணக்கு.

2018 ஜனவரி முதல் தேதியிலிருந்து 5 சதவீத வாட் வந்தது. அரிசி பருப்புக்கும் உண்டு. குடியிருப்பு வாடகைக்கு இல்லை, பள்ளிக் கட்டணத்துக்கு இல்லை. 2025 ஜனவரியிலிருந்து சமையல் எண்ணெய், முட்டை, பால் பொருட்கள், அரிசி, சர்க்கரை, கோழி, பருப்பு வகை, ரொட்டி, கோதுமை ஆகிய ஒன்பதின் விலையை அரசிடம் கேட்காமல் கடைக்காரர்கள் ஏற்றக் கூடாது. இது பெரிய ஆறுதல். ஆனால் பெரிய ஹைப்பர் மார்க்கெட்டின் அறிவிப்புப் பலகையைவிட எனக்கு எங்கள் கட்டடத்தின் கீழே இருக்கும் குரோசரிதான் முக்கியம். காசர்கோட்டுக்காரர் நடத்துகிறார். போன் போட்டால் ஒரு கட்டு மல்லித்தழைக்குக்கூட பையன் பன்னிரண்டாவது மாடி ஏறி வருவான். பற்று நோட்டு உண்டு. வட்டி கிடையாது. சம்பளம் தள்ளிப்போன மாதங்களில் இந்த ஊரைத் தாங்குவது இந்தப் பற்று நோட்டுகள்தான். எந்தப் பொருளாதார அறிக்கையிலும் இதற்கு ஒரு வரி இருக்காது.

இன்னொன்று சீட்டு. அலுவலகத்திலோ கட்டடத்திலோ பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் போடுவார்கள். பத்தாயிரம் யாருக்கு எந்த மாதம் என்று முடிவு செய்வது குலுக்கல் அல்ல, அவரவர் வாடகைச் செக்கின் தேதி. நம்பிக்கையில் ஓடுவது, ஒருவர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டால் கேட்க நாதி இல்லை. அதனால் நான் தெரிந்தவர்களோடு மட்டும் சேருவேன்.

பள்ளிக்கூடம் தனி அத்தியாயம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி என்பது நடைமுறையில் இல்லை, தனியார்தான். இந்தியப் பாடத்திட்டம் மலிவானவற்றில் ஒன்று, பிரிட்டிஷ் பாடத்திட்டம் அதைப்போலப் பல மடங்கு. 1961-இல் தொடங்கிய துபாய் இந்தியன் ஹைஸ்கூல் போன்ற லாப நோக்கமற்ற பள்ளிகளில் கட்டணம் கட்டுப்படியாகும். இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்கள் பெரியவள் ஒன்பதாவது, சின்னவள் நாலாவது. இரண்டு பேருக்கும் கட்டணம், பஸ், புத்தகம், சீருடை என்று வருஷத்துக்கு 24,000 திர்ஹத்தைத் தொடுகிறது. பள்ளி பஸ்ஸுக்கு மட்டும் ஏழாயிரம். பள்ளி இருப்பது நாலு கிலோமீட்டரில். இந்தியப் பள்ளிகளுக்குப் புது வருஷம் ஏப்ரலில். எங்கள் வீட்டு ஒப்பந்தம் புதுப்பிப்பதும் ஏப்ரலில் வந்தது. வீட்டு முதலாளியின் அலுவலகத்தில் பேசி, ஒரு வருஷம் மட்டும் பதினான்கு மாத ஒப்பந்தமாகப் போட்டு அதை ஜூனுக்குத் தள்ளினேன். வாடகையில் ஒரு திர்ஹம் குறையவில்லை. ஆனால் அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் ஏப்ரல் மாதச் சண்டை நின்றது.

மருத்துவத்தில் துபாய் 2013-இலேயே இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கிவிட்டது. ஷார்ஜா உள்ளிட்ட வட அமீரகங்களில் தனியார் ஊழியர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்துதான் கட்டாயம். அடிப்படைத் திட்டம் வருஷத்துக்கு 320 திர்ஹம். அது ஊழியருக்கு. மனைவி மக்களுக்கு நாமேதான் வாங்க வேண்டும், அதிலும் டாக்டரைப் பார்க்கும்போது ஒரு பங்கைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். மலிவுத் திட்டங்களில் பல் வைத்தியம் வராது. ஆகஸ்ட் மாதத்தில் கும்பகோணம், திருச்சி, ராமநாதபுரம் பல் டாக்டர்களிடம் போய்ப் பாருங்கள். நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வளைகுடாக்காரர்களாக இருப்போம். ஒரு வருஷமாக ஒரு பக்கமாகவே மென்று தள்ளிப்போட்ட வேர் சிகிச்சையை முப்பது நாள் லீவில் முடித்துக்கொண்டு கிளம்புவோம்.

அண்மையில் அண்ணன் மகன் மன்னார்குடியிலிருந்து போன் செய்தான். மெக்கானிக்கல் என்ஜினீயர். ஸ்ரீபெரும்புதூரில் எழுபதாயிரம் ரூபாய் சம்பளம். துபாயில் ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனி 6,500 திர்ஹம் என்று சொல்லியிருக்கிறது.

“அத்தை, இருபத்தி மூணால பெருக்கினா ஒன்றரை லட்சம் வருது. வரி வேற கிடையாதாம். சரின்னு சொல்லிடவா?”

“ஒண்டியா வர்றியா, குடும்பத்தோடவா?”

“அவளையும் பாப்பாவையும் கூட்டிட்டுத்தான் அத்தை. ஒரு ஆறு மாசத்துல.”

“அப்ப பெருக்காதடா. நோட்டை எடு, மொதல்ல கழிப்போம்.”

வருஷத்துக்கு 78,000 என்று மேலே எழுதச் சொன்னேன். ஷார்ஜாவில் ஒரு படுக்கையறை வீடு 36,000. முதல் வருஷத்தில் டெபாசிட், கமிஷன், பதிவு எல்லாம் சேர்த்துக் குறைத்துப் போட்டாலும் 3,000. கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் மாதம் 800 வீதம் 9,600. சாப்பாடு மாதம் 1,500 வீதம் 18,000. கார் கிடையாது, பஸ், மெட்ரோ 5,400. இரண்டு செல்போன் 1,800. மனைவிக்கும் குழந்தைக்கும் விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் வருஷத்துக்குப் பங்கு போட்டால் 4,000. அவனுக்கு டிக்கெட் கம்பெனி தரும், இவர்கள் இருவருக்கும் 3,000.

“கூட்டு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “எண்பதாயிரத்து எண்ணூறு வருது அத்தை.”

“சம்பளம்?”

“எழுபத்தெட்டு.”

இத்தனைக்கும் கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எதையும் நான் சேர்க்கவில்லை. பாப்பாவுக்கு மூன்று வயது. அடுத்த ஏப்ரலில் கேஜி. ஊருக்கு அண்ணன் அண்ணிக்கு அவன் அனுப்ப வேண்டிய பணம் இந்த நோட்டில் வரவே இல்லை.

சட்டப்படி அவன் குடும்பத்தைக் கொண்டுவரலாம். மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் இருந்தால், அல்லது 3,000-மும் தங்கும் இடமும் இருந்தால், மனைவி மக்களுக்கு விசா எடுக்கலாம். அந்த நாலாயிரம் விசாவுக்குப் போதும். வாழ்வதற்கு எவ்வளவு வேண்டும் என்பதை எந்த அலுவலகமும் விண்ணப்பத்தில் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், இரண்டு பேர் சம்பாதிக்காத நடுத்தரக் குடும்பம் இங்கே மாதத்தை ஓட்டலாம், மிச்சம் பிடிப்பது கடினம். நான் வேலைக்குப் போவதற்கு முதல் காரணம் அதுதான். வேலை பிடித்துப்போனது அப்புறம்.

இதே 6,500-க்குத் தனியாளாக வந்தால் கணக்கு தலைகீழ். தேராவிலோ சத்வாவிலோ பெட் ஸ்பேஸ் மாதம் 900 என்று வைத்தால் வருஷம் 10,800. மலையாளிகள் நடத்தும் மெஸ்ஸிலும் வெளியிலுமாகச் சாப்பாடு 8,400. போக்குவரத்து 4,200. போன் 1,200. சோப்பு, முடிவெட்டு, வெள்ளிக்கிழமை பிரியாணி எல்லாமுமாக 3,000. மொத்தம் 27,600. கையில் 50,400 நிற்கும். ரூபாயில் பதினொன்றரை லட்சத்துக்கு மேல். ஒரே சம்பளம், ஒரே ஊர். ஒன்றில் கடன், ஒன்றில் வருஷத்துக்குப் பதினொரு லட்சம். ‘துபாய் போனால் சம்பாதிக்கலாம்’ என்பவரும் ‘துபாயில் ஒன்றும் மிஞ்சாது’ என்பவரும் ஒரே நேரத்தில் உண்மை சொல்வது இப்படித்தான்.

பெட் ஸ்பேஸ் என்றால் என்ன என்று அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஓர் அறையில் நாலு அல்லது ஆறு பேர், இரண்டடுக்குக் கட்டில், கட்டிலைச் சுற்றி ஒரு திரை, தலைமாட்டில் ஒரு சார்ஜர் பிளக். அந்தத் திரைக்குள் இருப்பதுதான் வீடு. குளியலறைக்குக் காலையில் முறை உண்டு. ஹாலைப் பலகையால் தடுத்து ‘பார்டிஷன்’ போட்டு ஜோடிகளுக்கும் விடுவார்கள். அனுமதியில்லாத தடுப்புகள் தீ விபத்தில் ஆளைக் கொல்லும் என்பதால் 2025 ஜூனில் துபாய் நகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா போன்ற பகுதிகளில் இறங்கிச் சோதனை நடத்தியது. பாதுகாப்புக்கு அது அவசியம். ஆனால் பலகையை அகற்றிய அன்று இரவு அங்கிருந்தவர்கள் போக வேண்டிய இடத்துக்கு வாடகை கூடுதல். அவர்கள் சம்பளம் அன்று கூடவில்லை.

லீவுச் செலவைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். வாசிப்பவர்களில் பலர் அதன் மறுமுனையில் இருப்பவர்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளிகள் மூடும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பறக்க வேண்டும். நாலு பேருக்குத் திருச்சி டிக்கெட் என் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கும். கோடாலித் தைலம், பால் பவுடர், பிஸ்தா, சென்ட் பாட்டில் வகையறா இன்னும் ஒரு பாதி. இப்போது எல்லாம் ஊரிலேயே கிடைக்கிறது, சமயத்தில் இங்கேவிட மலிவாக. ஆனாலும் கோடாலித் தைலம் இல்லாமல் என் சித்தப்பா வீட்டுக்குள் நுழைய முடியாது.

ரூபாய்க் கணக்கில் ஒரு மயக்கம் இருக்கிறது. திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டது. ஒரு டாலருக்கு 3.6725 என்று 1997 முதல் அசையாமல் நிற்கிறது. அசைவது ரூபாய்தான். 2008 தொடக்கத்தில் ஒரு திர்ஹத்துக்கு 11 ரூபாய்கூட வராது. இன்று 23-க்கு மேல். ரூபாய் விழும் நாளில் ஊரில் செய்தி வாசிப்பவர் முகம் வாடியிருக்கும். இங்கே எக்ஸ்சேஞ்ச் வாசலில் கூட்டம் நிற்கும். கடன் வாங்கி அனுப்புகிறவர்களும் உண்டு. அன்றைக்கு அனுப்பியது லாபம்தான். ஆனால் இங்கே பல கம்பெனிகளில் திர்ஹத்தில் சம்பளம் வருஷக்கணக்காக அப்படியே நிற்கிறது, வாடகை நிற்கவில்லை. துபாயில் வாடகைப் பட்டியலை வைத்து, சந்தை விலைக்கு எவ்வளவு கீழே இருக்கிறோமோ அதற்குத் தக்கபடி 5 முதல் 20 சதவீதம் வரை ஏற்றலாம் என்பது 2013-ஆம் வருஷத்து ஆணை. ஷார்ஜாவில் முதல் மூன்று வருஷத்துக்கு ஏற்றக் கூடாது. நாலாவது வருஷம் சேர்த்து வைத்துக் கேட்பார்கள். ரூபாயில் சம்பளம் ஏறியதாகத் தெரிகிறதே என்று ஊரில் பெரிய வீடு கட்ட ஆரம்பித்தவர்கள், இங்கே அறைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஓய்வூதியம் என்று ஒன்று நமக்கு இங்கே கிடையாது. வேலை முடிந்தால் தருவது கிராஜுவிட்டி மட்டும். முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷம் ஒன்றுக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேற்பட்ட வருஷங்களுக்கு 30 நாள். இதில் சம்பளம் என்பது மொத்தச் சம்பளம் அல்ல, பேசிக் மட்டும். கம்பெனிகளுக்கு இது தெரியும். அதனால் பேசிக்கைச் சின்னதாக வைத்து, மீதியை வீட்டு அலவன்ஸ், வண்டி அலவன்ஸ், மற்றவை என்று பிரித்துவிடுவார்கள். வேலை போனால் கிடைக்கும் இன்ஷூரன்ஸும் அப்படியே: பேசிக் 16,000-க்குள் இருப்பவர் மாதம் 5 திர்ஹம் கட்டுவார், வேலை போனால் பேசிக்கில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை வரும். வீட்டு அலவன்ஸ் எவ்வளவு இருந்தாலும் அதில் சேராது.

அண்ணன் மகனிடம் மூன்று விஷயம் கேட்டு எழுத்தில் வாங்கச் சொன்னேன். விசாச் செலவை யார் ஏற்கிறார்கள்? சட்டப்படி கம்பெனிதான், ஆனாலும் கேள். முதல் வாடகைச் செக்குக்கு அட்வான்ஸ் தருவார்களா? பேசிக் எவ்வளவு?

இரண்டு நாளில் பதில் வந்தது. விசா கம்பெனி செலவு. அட்வான்ஸ் ஆறு மாதம் முடிந்த பிறகு யோசிப்பார்களாம். பேசிக் 2,600.

2,600-க்கு 21 நாள் என்றால் வருஷத்துக்கு 1,820. ஐந்து வருஷம் உழைத்துவிட்டுக் கிளம்பினால் 9,100 திர்ஹம் கையில். மொத்தச் சம்பளத்தை ஒரு காசு ஏற்றாமல் பேசிக்கை மட்டும் 4,000 ஆக்கினால் அதே ஐந்து வருஷத்துக்கு 14,000. மாதச் செலவு கம்பெனிக்கு இரண்டிலும் ஒன்றுதான் என்பதால், பிரிப்பை மாற்றித் தரும்படி மரியாதையாக ஒரு மெயில் போடச் சொன்னேன். போட்டிருக்கிறான். மனைவியும் பாப்பாவும் முதல் ஒன்றரை வருஷம் மன்னார்குடியிலேயே இருப்பது என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள். அண்ணிக்கு என்மேல் கொஞ்சம் கோபம். கம்பெனியிலிருந்து பேசிக்கைப் பற்றிப் பதில் வரவில்லை. ஆஃபர் லெட்டரில் வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி ஒரு நினைவூட்டல் மட்டும் வந்திருக்கிறது.